இருந்தானாம், இருந்தான்: கதைவழி வரலாறு கற்பித்தலில் ஒரு மொழிக்குறி

1. முன்னுரை

வரலாற்றைக் கதையாகச் சொன்னால் சிறுவர் விரும்பிக் கேட்பர். நாடகமாக நடித்தால் மறவார். நம் நாட்டுக் கல்வியாளர் பலர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வலியுறுத்திவரும் கருத்து இது. இதற்கு மறுப்பாக எழும் கேள்வியும் ஏறத்தாழ அதே அளவு பழமையானது. கதையில் நடந்ததும் நடவாததும் கலந்திருக்கும். நடுநிலைப் பள்ளியில் பயிலும் பன்னிரண்டு வயதுச் சிறுவர் அக்கலப்பை எவ்வாறு பிரித்தறிவர் என்பதே அக்கேள்வி.

இதற்குக் கல்வியியலார் உளவியல் நோக்கில் விடை கூறுவர். வரலாற்றறிஞர் சான்றாதாரங்களின் நோக்கில் விடை கூறுவர். ஆயினும் கதை, வரலாறு, நாடகம் ஆகிய மூன்றும் வகுப்பறையை வந்தடைவது மொழியின் வாயிலாகவே. ஒரே நிகழ்ச்சியை இம்மூன்றும் வெவ்வேறு முற்றுகளாலும் ஒட்டுகளாலும் கூறுகின்றன. ஒரு கூற்றுக்குப் பொறுப்பாளர் யார் என்பதை இக்கூறுகள் கேட்போர்க்கு உணர்த்துகின்றன. கதைவழி வரலாறு கற்பித்தலின் வெற்றியும் தோல்வியும் கதையின் சுவையைக் காட்டிலும் இக்குறிகள் பேணப்படுவதையே சார்ந்துள்ளன என்பது இக்கட்டுரையின் கருத்து. குஜராத்தி, வங்காளம், இந்தி ஆகிய மொழிகளில் நிகழ்ந்த சில முயற்சிகளின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

2. கதை முற்றும் வரலாற்று முற்றும்

ஆய்வுக்கு ஒரு கதையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். சந்த் பர்தாயி பாடியதாக வழங்கும் 'பிருதிவிராஜ ராசோ' என்னும் காவியத்தின் இறுதியில் வரும் கதை அது. தராயின் போரில் தோற்ற பிருதிவிராஜன் கஜினிக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். அங்கு அவன் கண்கள் பறிக்கப்படுகின்றன. உடன் வந்த புலவர் பாட்டின் வாயிலாகக் குறிப்புணர்த்த, ஒலி வந்த திசையில் அம்பெய்து கோரி முகமதைக் கொல்கிறான். வட இந்தியச் சிறுவர் பலர் பாடநூலைத் தொடுமுன்பே இக்கதையைக் கேட்டிருப்பர்.

வரலாறு கூறுவது வேறு. இரண்டாம் தராயின் போர் 1192-இல் நிகழ்ந்தது. பிருதிவிராஜன் அதனையடுத்து இறந்தான். கோரி முகமது அதன்பின் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1206-இல் சிந்து நதிப் பகுதியில் கொலையுண்டான். மேவார் அரசவையைச் சார்ந்த கவிராஜ் சியாமல்தாஸ் 1886-இல் வெளியிட்ட கட்டுரையில் ராசோவின் பழமையையும் நம்பகத்தன்மையையும் ஐயுற்றார். அவர் புலவர் மரபில் வந்தவர் என்பது இங்குக் கருதத்தக்கது. பாட்டை மதிக்கத் தெரிந்த ஒருவரே பாட்டுக்கும் சான்றுக்கும் உள்ள வேற்றுமையை எடுத்துக்காட்டினார்.

இந்நிகழ்ச்சியைத் தமிழில் பின்வருமாறெல்லாம் கூறலாம்:

(1) பிருதிவிராஜன் அம்பெய்து சுல்தானைக் கொன்றான்.
(2) பிருதிவிராஜன் அம்பெய்து சுல்தானைக் கொன்றானாம்.
(3) பிருதிவிராஜன் அம்பெய்து சுல்தானைக் கொன்றான் என்று ராசோ கூறுகிறது.
(4) "இதோ, எய்கிறேன்!"

நிகழ்ச்சி ஒன்றே, பொறுப்பு வெவ்வேறு. முதல் வாக்கியத்தில் சொல்பவரே பொறுப்பேற்கிறார். அது பொய்யெனத் தெரிந்தால் சொன்னவர் பிழைசெய்தவராவார். இரண்டாவதில் 'தான் கேட்டது இது' என்ற அளவில் அவர் நின்றுவிடுகிறார். யார் சொல்லக் கேட்டார் என்பது வெளிப்படவில்லை. மூன்றாவதில் பொறுப்பு பெயர் சுட்டி ஒரு நூலின்மேல் வைக்கப்படுகிறது. நான்காவதில் சொல்பவர் என ஒருவர் இல்லை, பாத்திரமே பேசுகிறது. முறையே வரலாறு, கதை, ஆய்வு, நாடகம் ஆகியவற்றின் மொழி இவை எனலாம். முதல் வாக்கியம் பொய். இரண்டாவதும் மூன்றாவதும் மெய். அம்பின் செய்தி எதுவாயினும், 'அவ்வாறு சொல்லப்படுகிறது' என்பது மறுக்க முடியாத உண்மை.

இரண்டாம் வாக்கியத்தின் இறுதியில் உள்ள 'ஆம்' என்பதனைப் பிறர்கூற்று ஒட்டு என இக்கட்டுரை குறிக்கும். முற்றுவினையை அடுத்தும் பெயர்ப்பயனிலையை அடுத்தும் இது வரும். வினாவோடும் இயையும்: 'யார் கொன்றான்?' என்பது உண்மையை வினவும், 'யார் கொன்றானாம்?' என்பது கதையில் வரும் செய்தியை மட்டும் வினவும். இவ்வேற்றுமையைத் தமிழ்ச் சிறுவர் பள்ளிக்கு வருமுன்னரே அறிந்துள்ளனர். 'ஒரே ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தாராம்' என்று பாட்டி தொடங்கியதும், 'எந்த ஊர்? எந்த ஆண்டு?' என எக்குழந்தையும் சான்று கேட்பதில்லை. கேட்க வேண்டாதது என்பதை அவ்வொட்டே உணர்த்திவிடுகிறது.

இவ்வொட்டு எப்போதும் நடுநிலையானதன்று. 'பெரிய வீரனாம்!' எனப் பெரியவர் கூறும்போது அதில் நம்பாமையும் எள்ளலும் தொனிக்கும். கதைசொல்லும் பாட்டியின் வாயில் அத்தொனி இல்லை. மேலும், கதை சூடேறியதும் பாட்டி 'ஆம்' ஒட்டைக் கைவிட்டு, 'வில்லை எடுக்கிறான், நாணை இழுக்கிறான்' என நிகழ்காலத்துக்குத் தாவுவதும் உண்டு. மரபிலக்கணம் இதனைக் கால வழுவமைதியாக ஏற்கும். தொடக்கத்தில் இட்ட குறி பின்வரும் வாக்கியங்களையும் ஆளுவதால் இங்குக் குழப்பம் நேர்வதில்லை.

அண்டை மொழிகளிலும் இத்தகைய ஒட்டுகள் உள்ளன. கன்னடத்தின் 'அந்தெ', தெலுங்கின் 'அட்ட', மலையாளத்தின் 'அத்ரெ' ஆகியன இவ்வகையின. தெலுங்குக் கதைகளின் தொடக்கமான 'அனகனகா' என்னும் சொல்லே 'சொல்லுதல்' என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்தது. பிறர்கூற்றைக் குறிப்பது நாட்டார் வழக்குக்கு மட்டும் உரியதன்று. தொல்காப்பியம் தன் விதிகளை 'என்ப' எனவும் 'என்மனார்' எனவும் முன்னோர்மேல் ஏற்றிக் கூறும். அறிவு எவ்வழி வந்தது என்பதைக் குறிக்கும் பழக்கம் தமிழின் மிகப் பழைய இலக்கண நூலிலேயே காணப்படுகிறது.

3. பாவ்நகரில் கதை

கதைசொல்லுதலைப் பள்ளிப் பயிற்றுமுறையாக வகுத்தோருள் குஜராத்தின் கிஜுபாய் பதேகா (1885–1939) குறிப்பிடத்தக்கவர். வழக்கறிஞராக இருந்த அவர் 1916-இல் பாவ்நகரின் தக்ஷிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920-இல் அங்குப் பால மந்திர் என்னும் சிறுவர் பள்ளியைத் தொடங்கினார். மாண்டிசோரி அம்மையாரின் கொள்கைகளை ஏற்ற அவர், சௌராஷ்டிரத்தின் நாட்டுப்புறக் கதைகளையும் பாடல்களையும் அவற்றோடு இணைத்தார். 1925-இல் வெளிவந்த 'வார்த்தாநும் சாஸ்திர' என்னும் நூலில் கதைசொல்லுதலின் நோக்கம், கதைத் தேர்வு, சொல்லும் முறை முதலியவற்றை முறைப்படுத்தி எழுதினார். 1932-இல் வெளிவந்த 'திவாஸ்வப்ன' அவர் நூல்களுள் பரவலாக அறியப்பட்டது. அது தமிழிலும் 'பகல் கனவு' என்னும் பெயரில் வெளிவந்துள்ளது.

'பகல் கனவு' ஒரு கற்பனைச் சித்திரம். கல்வி அதிகாரியின் இசைவுடன் நான்காம் வகுப்பு ஒன்றை ஓராண்டுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர் தம் அனுபவங்களைத் தாமே கூறுவதாக அது அமைந்துள்ளது. முதல் நாளில் அமைதி விளையாட்டு ஒன்றை நடத்த முயன்று தோல்வியுறுகிறார். வகுப்பில் கூச்சலே எஞ்சுகிறது. அடுத்து அவர் கதையைக் கையிலெடுக்கிறார். பிள்ளைகள் அடங்கி அமர்கின்றனர். கதை நாட்கணக்கில் நீள்கிறது. கதையிலிருந்து வாசிப்பும், வாசிப்பிலிருந்து வகுப்பு நூலகமும் பிறக்கின்றன. வரலாறும் கதைவடிவிலேயே சொல்லப்படுகிறது. 'கதையே சொல்லிக்கொண்டிருந்தால் பாடம் எப்போது நடக்கும்?' என்னும் பொருள்பட உடன் பணியாற்றுவோர் எழுப்பும் ஐயமும் நூலில் இடம்பெறுகிறது.

இங்கு மொழியியலார் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. குஜராத்திக் கதை 'ஏக் ஹதோ ராஜா' என்று தொடங்கும். குஜராத்தி, தமிழைப் போன்றே வினையை இறுதியில் வைக்கும் மொழி. ஆயினும் கதைத் தொடக்கத்தில் மட்டும் 'ஹதோ' என்னும் வினை 'ராஜா' என்னும் பெயருக்கு முன் வந்துவிடுகிறது. மராத்தியின் 'ஏக் ஹோதா ராஜா', இந்தியின் 'ஏக் தா ராஜா' ஆகியனவும் இத்தகையனவே. இவ்வரிசை மாற்றம் கேட்டவுடன், இனி வருவது கதை என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடும். திராவிட மொழிகள் ஒட்டினால் வாக்கியந்தோறும் குறிக்கத்தக்க ஒன்றை, இம்மொழிகள் சொல்வரிசையால் வாயிலில் ஒருமுறை குறிக்கின்றன. 'சொல்வார்கள்' என்னும் பொருள்தரும் தொடர்கள் இம்மொழிகளிலும் உண்டு. ஆனால் தமிழின் 'ஆம்' போல ஒவ்வொரு முற்றோடும் எளிதில் ஒட்டி நிற்பன அல்ல அவை.

இதன் விளைவு வரலாற்றுப் பாடத்தில் தெரியவரும். நாட்டுப்புறக் கதைக்குரிய தொடக்கத்தை வரலாற்றுக்கும் இட்டால், அதனுள் வரும் அனைத்தும் கதையாகிவிடும். அதனை நீக்கிவிட்டால், உள்ளே ஆசிரியர் சேர்த்த கற்பனையும் வரலாறாகிவிடும். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பொருட்டுக் கிஜுபாய் இதனைப் பெரிய இடராகக் கருத வேண்டியிருக்கவில்லை. அவருடைய போராட்டம் பிரம்புக்கும் மனப்பாடத்துக்கும் எதிரானது. வரலாறு தனிப்பாடமாகி, ஆண்டுகளும் ஆதாரங்களும் பேசப்படும் நடுநிலை வகுப்புகளிலேயே இவ்விடர் முழு உருவம் கொள்கிறது.

4. சித்தோர்க் கதை கடந்த வழி

குறிகள் தொலைந்தால் என்ன நேரும் என்பதற்குச் சித்தோர்ப் பத்மினியின் கதை தக்க சான்று. அலாவுதீன் கில்ஜி 1303-இல் சித்தோரைக் கைப்பற்றினான். அப்படையெடுப்பில் உடன்சென்ற அமீர் குஸ்ரு முற்றுகையைப் பற்றி எழுதியுள்ளார்; பத்மினி என்னும் பெயர் அவர் எழுத்தில் இல்லை. அவளைக் காவியத் தலைவியாக்கியவர் மாலிக் முகமது ஜாயசி. அவருடைய அவதி மொழிக் காவியமான 'பத்மாவத்' 1540-ஐச் சார்ந்தது. முற்றுகைக்கும் அதற்கும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. பேசும் கிளி ஒன்று தூதாக வரும் அக்காவியத்தைக் கேட்டோர் அதனைக் காவியமாகவே கேட்டிருப்பர்.

பின்னர் இக்கதை இராசபுத்திர அவைகளின் புலவர் மரபில் புகுந்து பல வடிவங்களில் வழங்கிற்று. கிழக்கிந்தியக் கும்பினியின் அரசியல் முகவராக 1818 முதல் 1822 வரை இராசபுத்திர நாடுகளில் பணியாற்றிய ஜேம்ஸ் டாட், சமண யதியான ஞானசந்திரர் போன்றோரின் துணையுடன் அப்புலவர் மரபுகளைத் திரட்டினார். அவற்றைக் கொண்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய இராசத்தான் வரலாறு 1829-இலும் 1832-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. புலவர் வாயில் 'சொல்லப்படுவது' என நின்றதன் பெரும்பகுதி ஆங்கில உரைநடையில் 'நடந்தது' என மாறிற்று.

அத்தொகுதிகளிலிருந்து கதைகளை எடுத்து வங்காளச் சிறுவர்க்காக அபனீந்திரநாத் தாகூர் எழுதிய நூல் 1909-இல் வெளிவந்த 'ராஜ்காஹினி'. சிலாதித்தன், கோஹன், பப்பாதித்தன், பத்மினி முதலியோரின் கதைகள் அதில் உள்ளன. ஓவியரான அவர் சொற்களாலும் ஓவியம் தீட்டியுள்ளார். அந்நூலைக் கேட்டும் படித்தும் வளர்ந்த வங்காளச் சிறுவர் தலைமுறைகள் பல. நூலின் பெயரிலுள்ள 'காஹினி' என்பது கதை என்றே பொருள்படும்; தாம் தருவது கதை என்பதை அபனீந்திரநாத் மறைக்கவில்லை.

இச்சங்கிலியின் தடத்தை ஒரு பெயர் காட்டிக்கொடுக்கிறது. ஜாயசியின் காவியத்தில் பத்மினியின் கணவன் ரத்தன்சேன். கல்வெட்டால் அறியப்படும் அக்காலச் சித்தோர் மன்னனும் ரத்னசிம்மனே. டாடின் நூலிலோ கணவன் பீம்சிங். 'ராஜ்காஹினி'யிலும் பீம்சிங் என்னும் பெயரே வருகிறது. சுவடி ஆய்வாளர் ஏட்டுப் பிழைகளைக் கொண்டு மூல ஏட்டைக் கண்டறிவது போல, இப்பெயரைக் கொண்டு கதை எவ்வழி வந்தது என்பதை ஒரு நடுநிலைப் பள்ளி மாணவரும் கண்டறிய இயலும்.

அவதிக் காவியம், புலவர் வாய்மொழி, ஆங்கில வரலாறு, வங்காளச் சிறுவர் கதை என நான்கு நிலைகளை இக்கதை கடந்துள்ளது. ஒவ்வொரு நிலையிலும் அதனைச் சுமந்தவர் ஒருவகையில் மொழிபெயர்ப்பாளரே. பெயர்களும் போர்களும் உணர்ச்சிகளும் கடந்து வந்தன. 'யார் சொல்லக் கேட்டது' என்னும் குறி மட்டும் வழியில் உதிர்ந்தது. உதிர்ந்த குறியை மீட்பதற்குப் பின்வந்த வரலாற்றறிஞர் பேருழைப்புச் செய்ய நேர்ந்தது. கதையாகக் கேட்டதை வரலாறாகவே நம்பி வளர்ந்தோர், அந்த ஆய்வைத் தம் முன்னோர்க்கு இழைக்கும் இழிவாகக் கருதுவதும் நேர்கிறது. இலக்கணக் குறி ஒன்றின் இழப்பு வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

5. நாடகத்தில் சொல்பவர்

கதை நாடகமாகும்போது குறிகள் மேலும் குறைகின்றன. கதையில் 'அரசன் என்ன சொன்னானாம்?' என்ற கேள்வியும், பேச்சின் இறுதியில் 'என்றானாம்' என்ற முடிப்பும் இருக்கும். நாடகத்தில் 'என்று' மறைகிறது, 'ஆம்' மறைகிறது, படர்க்கை தன்மையாகிறது, இறந்தகாலம் நிகழ்காலமாகிறது. மேலே காட்டிய நான்காம் வாக்கியம் இத்தகையது. அதனை உரக்கக் கூறி வில்லை வளைக்கும் சிறுவனுக்கு, கோரி முகமது 1206 வரை வாழ்ந்தான் என்னும் செய்தி வெறும் எண்ணாகவே தோன்றும். நடித்தது உடம்பில் பதிந்துவிடுகிறது. நாடகத்தின் ஆற்றலும் இடரும் இதுவே.

பள்ளி நாடகத்துக்கு இந்தியாவில் சிறந்த முன்னோடிகள் உண்டு. இரவீந்திரநாத் தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் தொடங்கிய பள்ளியில் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து நடித்தனர். 1908-இல் எழுதிய 'சாரதோத்ஸவ்' அங்கேயே மேடையேறிற்று. 'பகல் கனவு' காட்டும் வகுப்பிலோ எழுதப்பட்ட வசனம் இல்லை. கதையை நன்கறிந்த பிள்ளைகள், வசனத்தை மனப்பாடம் செய்யாமல், வாயில் வந்த சொற்களைக் கொண்டு நடிக்கின்றனர். இதனால் மொழிப்பயிற்சி கிடைக்கிறது. அதனினும் முதன்மையானது, 'இச்சொற்கள் அரசன் கூறியவை அல்ல, நாம் அவனுக்குத் தந்தவை' என்பது நடிப்பவருக்கே தெரிந்திருத்தல். அச்சிட்ட வசனத்தை ஒப்பிக்கும் மாணவனுக்கு இவ்வறிவு வாய்ப்பதில்லை.

பார்வையாளருக்கும் இவ்வறிவைத் தரும் வழியை நாட்டார் நாடகம் வகுத்து வைத்துள்ளது. குஜராத்தின் பவாயியில் நாயக் என்பவன் ஆட்டத்தை நடத்துவான். ரங்க்லோ என்னும் கோமாளி இடைமறித்துக் கேள்வி கேட்பான். பவாயியைத் தோற்றுவித்தவர் பதினான்காம் நூற்றாண்டின் அசாயித் தாக்கர் என்பது மரபு. தமிழ்நாட்டுத் தெருக்கூத்தின் கட்டியக்காரன் ஆற்றும் பணியும் இதனையொத்தது. வேடம் புனைந்து வருபவனை 'நீ யார்? எங்கிருந்து வருகிறாய்?' என வினவி, கதைக்கும் அவைக்கும் இடையில் நிற்பவன் அவன். வாக்கியத்திலிருந்து மறைந்த 'ஆம்' மேடையில் ஆள்வடிவில் நிற்கிறது எனலாம்.

நடுநிலைப் பள்ளி வகுப்பில் பிருதிவிராஜன் கதையை நடிக்கும்போது இப்பாத்திரத்தை ஒரு மாணவரிடம் ஒப்படைக்கலாம். அம்பெய்து முடிந்ததும் அவர் முன்வந்து, 'இதை உமக்கு யார் சொன்னார்?' என்று கேட்பார். 'ராசோ சொல்கிறது' என விடை வரும். 'ராசோவுக்கு யார் சொன்னார்?' என்பது அடுத்த கேள்வி. அங்கிருந்து 1192-க்கும் 1206-க்கும் இடையிலான பதினான்கு ஆண்டுகளை வகுப்பு கணக்கிடலாம். பின்னர், தோல்வியில் முடிந்த ஒரு வாழ்க்கைக்கு வெற்றியான முடிவை ஒரு காவியம் ஏன் தந்தது என்னும் வினா எழும். இவ்வினாவும் வரலாற்றைச் சார்ந்ததே. கதை பொய் எனத் தள்ளப்படுவதில்லை. பாடியவரின் காலத்தையும் மனநிலையையும் அறிவதற்கான சான்றாகிறது.

6. பாடநூல்களில் கதை

கதையையும் வரலாற்றையும் நடுநிலை வகுப்புகளுக்கெனத் திட்டமிட்டு இணைத்த முயற்சிகளுள் மத்தியப் பிரதேசத்தின் ஏகலவ்யா நிறுவனத்தின் பணி ஒன்று. 1982-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1986 முதல் அரசுப் பள்ளிகள் சிலவற்றில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியலுக்குப் புதிய இந்திப் பாடநூல்களைப் பயன்படுத்தியது. இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத் பகுதி அதன் முதன்மைக் களம். வேட்டையாடி வாழ்ந்த தொல்குடியினர், உழவர் முதலியோரின் வாழ்வைக் கற்பனை மாந்தரின் கதைகளாக அந்நூல்கள் சித்திரித்தன. அரசர் பெயர்களின் பட்டியல் குறைந்தது. எளிய மக்களின் ஒரு நாள் வாழ்வு பாடமாயிற்று. நூலைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதும் தேர்வுமுறையும் பின்பற்றப்பட்டது. மனப்பாடத்துக்கு வேலையில்லாத அத்தேர்வு, கதையைப் படித்துக் கருதியுணரும் திறனைச் சோதித்தது. அரசுப் பள்ளிகளில் அம்முயற்சி 2002-இல் நிறுத்தப்பட்டது.

தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம், 2005-ஆம் ஆண்டுக் கலைத்திட்ட வரைவை ஒட்டி, 2006-இல் வெளியிடத் தொடங்கிய நடுநிலை வகுப்பு வரலாற்று நூல்களும் கதையைக் கையாண்டன. ஆறாம் வகுப்பு நூலின் இயல்கள் ஒரு சிறுவனோ சிறுமியோ எழுப்பும் வினாவுடன் தொடங்கின. முதல் இயலில் ரஷீதா என்னும் சிறுமி நூறாண்டுக்கு முந்தைய செய்தி பற்றிய தலைப்பொன்றைச் செய்தித்தாளில் காண்கிறாள். அத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்ததை ஒருவர் எவ்வாறு அறியக்கூடும் என வியக்கிறாள். பிறர்கூற்று ஒட்டு எழுப்பும் வினாவும் இதுவே. அந்நூலின் இந்திப் பெயர் 'ஹமாரே அதீத்'. 'நம் கடந்த காலங்கள்' எனப் பன்மையில் அமைந்த தலைப்பு அது. 'அதீத்' என்னும் பெயர் உருவம் மாறாமல் நிற்க, பன்மையை 'ஹமாரே' என்னும் அடைமொழியே உணர்த்துகிறது. கடந்தகாலம் ஒன்றன்று என்னும் வரலாற்றுக் கொள்கை ஓர் ஈற்றெழுத்தில் அடங்கியுள்ளது. அந்த ஆறாம் வகுப்பு நூலுக்கு மாற்றாக 2024-இல் புதிய சமூக அறிவியல் நூல் வந்துள்ளது.

இவ்விரு முயற்சிகளிலும் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. கதைமாந்தர் கற்பனை என்பது வெளிப்படை. அவரைச் சுற்றியுள்ள உணவு, கருவி, உறைவிடம் முதலியன சான்றால் அறியப்பட்டவை. முன்பகுதியில் கண்ட வீரக்கதைகளில் நிலைமை இதற்கு மாறானது: அங்கு மாந்தர் பெயரளவிலேனும் வரலாற்றினர்; செயல்கள் கற்பனை. மாணவர்க்கு மயக்கம் தருவது இவ்விரண்டாம் வகையே. ஆகவே அதற்கே மொழிக்குறி மிகுதியாக வேண்டும்.

7. மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டுவன

பாடநூல்களைத் தமிழாக்குவோர் இங்கு ஓர் இக்கட்டை எதிர்கொள்கின்றனர். எழுத்துத் தமிழின் முறைமை, 'ஆம்' ஒட்டைப் பேச்சுக்கும் கதைக்கும் உரியதெனக் கருதிப் பாடநூலிலிருந்து விலக்கும். விலக்கிய இடத்தில் வருவன இரண்டு. ஒன்று, வெறும் இறந்தகால முற்று. மற்றொன்று, 'எனக் கூறப்படுகிறது' என்னும் செயப்பாட்டுத் தொடர். முன்னது கேள்விச் செய்தியைத் துணிபாக்குகிறது. பின்னது கூறியவரை மறைக்கிறது. இரண்டும் மாணவரின் அடுத்த வினாவுக்கு வழிவிடுவதில்லை.

தமிழில் இதற்கு நான்கு படிநிலைகள் இயல்பாகவே உள்ளன. கேள்வியாக வந்த செய்திக்கு 'கொன்றானாம்'. கூறியவர் தெரிந்த செய்திக்கு 'கொன்றான் என்று ராசோ கூறுகிறது'. உய்த்துணர்ந்த செய்திக்கு 'இறந்திருக்கலாம்', 'இறந்திருக்கக்கூடும்'. சான்றால் துணிந்த செய்திக்கு 'தோற்றான்'. மூல நூலில் இவை வெவ்வேறு வகையில் குறிக்கப்பட்டிருக்கலாம்: ஆங்கிலத்தில் துணைவினையாகவும், இந்தியில் 'கஹதே ஹைன்' போன்ற முன்தொடராகவும், குஜராத்தியில் சொல்வரிசையாகவும் அமையலாம். மொழிபெயர்ப்பாளர் அக்குறியின் வடிவத்தை விடுத்து அதன் பணியைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். குஜராத்தி வாயிலில் ஒருமுறை குறித்ததைத் தமிழ் எத்தனை முற்றுகளில் குறிப்பது என்பதும் அவர் முடிவு செய்ய வேண்டியதே. ஒவ்வொரு முற்றிலும் 'ஆம்' வந்தால் எள்ளல் தொனி புகுந்துவிடும். எங்கும் வாராவிடில் கதை வரலாறாகிவிடும். கதைப்பகுதியின் தொடக்கத்திலும், கதையிலிருந்து வெளிவரும் இடத்திலும் குறி தவறாது நிற்பது போதுமானது.

ஆசிரியர்க்கும் இப்படிநிலைகள் பயன்படும். ஒரு பத்தியைத் தந்து, எவ்வாக்கியத்தில் 'ஆம்' சேர்க்கலாம், எதில் சேர்க்கலாகாது, ஏன் என மாணவரைக் கேட்கலாம். '1192-இல் தராயினில் போர் நடந்ததாம்' என்பது ஏன் பொருந்தவில்லை என விளக்க முயலும் மாணவர், சான்று என்பது யாது எனத் தாமே சொல்லத் தொடங்குவார். இலக்கண வகுப்பும் வரலாற்று வகுப்பும் சந்திக்கும் இடம் அது.

8. முடிவுரை

கதை வரலாற்றுக்குப் பகையன்று. பாவ்நகரில் அது பிரம்பை விலக்கிற்று. வங்காளத்தில் சிறுவர் இலக்கியத்தை வளர்த்தது. மத்தியப் பிரதேசத்தில் எளிய மக்களைப் பாடநூலுக்குள் கொணர்ந்தது. நாடகமும் இறந்தோர்க்கு மாணவரின் குரலை அளித்தது. கதையைக் கதையெனக் காட்டும் குறி மொழிபெயர்ப்பிலோ பாடநூலாக்கத்திலோ உதிரும்போதுதான் இடர் பிறக்கிறது. சித்தோர்க் கதையில் அது உதிர்ந்ததன் விலை பெரிது.

தமிழ்ச் சிறுவர் பள்ளிக்கு வரும்போதே 'இருந்தான்' என்பதற்கும் 'இருந்தானாம்' என்பதற்கும் உள்ள வேற்றுமையை வீட்டிலிருந்து கொண்டுவருகின்றனர். வரலாற்றுக் கல்வி அவர்களுக்குப் புதிதாக வழங்க வேண்டிய கருவி அன்று இது. அவர்கள் கொண்டுவரும் கருவியைப் பாடநூலின் நடை பறித்துக்கொள்ளாதிருக்க வேண்டும். 'யார் சொன்னார்?' என்று கேட்கும் பழக்கம் அவ்வோர் ஒட்டிலிருந்தே தொடங்குகிறது.